ஊர் மெச்சிய மூக்கு

காலை ஆறே முக்காலுக்கு ரோபாட்டா அடுக்களை மேசை முன்னால் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மனைவி குரா, பாதியாக அறுத்த வெங்காயத்தை அவன் மூக்குக்குக் கீழே பிடித்தாள்.

அவன் ஆழமாக இழுத்தான். கண்ணில் நீர் வந்தது. வாசம் வரவில்லை.

"என்ன இது?" என்றாள் குரா.

"வெங்காயம்."

"எப்படித் தெரிஞ்சுது?"

"கண்ணு எரியுதே."

அவள் வெங்காயத்தை வைத்துவிட்டு வேறொன்றை எடுத்துப் பிடித்தாள். அவன் இரண்டு முறை இழுத்தான். யோசித்தான். காப்பித்தூள் என்றான். கண்ணைத் திறந்தபோது அவள் கையில் இருந்தது அவன் நேற்றுக் கழற்றிப் போட்ட காலுறை.

"இந்த மூக்கை வச்சுக்கிட்டு நீ ஊர்ல கேஸ் கசியுதான்னு பாக்கப் போற," என்றாள் குரா. "போயிட்டு வா. அதுக்கு முன்னால உன் முதுகுக்குப் பின்னால ரொட்டி கருகுது. அடுப்பை அணை."

போன குளிர்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனபோது வாசனைகளையும் கூட்டிக்கொண்டு போனது. திரும்பி வரும் என்றார் மருத்துவர். வசந்தம் வந்துவிட்டது. வாசனை வரவில்லை.

ரோபாட்டாவுக்கு நாற்பத்தாறு வயது. மர ஆலையில் பாதி ஆயுள் போனது. ஆலையை மூடியபின் கேஸ் ஃபிட்டர் வேலை பழக வந்தான். தேர்வுகளை எழுதிவிட்டான். மிச்சம் இருந்தது செய்முறை அனுபவம். உரிமம் உள்ள ஒருவரின் கண் முன்னால் வேலை செய்ய வேண்டும். இந்த ஆளைத் தனியே விடலாம் என்று அவர் கையெழுத்திட்டால் பதிவு கிடைக்கும்.

அந்த ஒருவர் லியான். அவனைவிட வயதில் மிகவும் சின்னவள். அவன் அவளை பாஸ் என்பான். அவள் அவனை அண்ணே என்பாள். வேனை எப்போதும் அவள்தான் ஓட்டுவாள்.

வேலையில் சேர்ந்த அன்று அவள் கேட்டது ஒரே கேள்விதான்.

"மூக்கு எப்படி அண்ணே?"

"நல்லாருக்கு பாஸ்."

அன்று அது உண்மை.

ரோட்டோருவாவில் ஒருவனிடம் மூக்கைப் பற்றிக் கேட்பது நியாயம்தான். சாலையோரச் சாக்கடை மூடிகளில் ஆவி எழும் ஊர் அது. பூங்காவில் வேலிக்கு உள்ளே சேறு கொதிக்கும். காற்றில் எந்நேரமும் அழுகிய முட்டை. குழாயில் வரும் கேஸுக்குச் சொந்தமாக வாடை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்று அதில் ஒரு நாற்றத்தைக் கலந்து அனுப்புகிறார்கள். அதுவும் கிட்டத்தட்ட அழுகிய முட்டைதான். மற்ற ஊர்களில் அது எச்சரிக்கை. இங்கே அது வானிலை.

லியான் இந்த ஊரில் பிறந்தவள். என் மூக்குக்கு எல்லாமே முட்டைதான் என்று சொல்லிச் சிரிப்பாள். ரோபாட்டா மலைக்கு அப்பால் ஆலை ஊரிலிருந்து வந்தவன். அந்த மூக்கின் மேல் அவளுக்கு மதிப்பு.

எந்த வீட்டுக்குப் போனாலும் வாசலில் ஒரு கணம் நிற்பாள். அவன் முகத்தைப் பார்ப்பாள்.

"என்ன அண்ணே, ஏதாச்சும் வாடை?"

சோதிக்கிறாள் என்று அவன் நினைத்தான். விடை தெரிந்தவர்கள்தான் அப்படிக் கேட்பார்கள்.

காய்ச்சலுக்குப் பிறகு முதல் வீட்டில் அவள் அப்படிக் கேட்டபோது இல்லை என்றான். இல்லை என்று அவனுக்கு எப்படித் தெரியும்? நேராக வேனுக்குப் போய் அளவுக் குழாயை எடுத்து வந்தான்.

அது ஒரு ப வடிவக் கண்ணாடிக் குழாய். பாதிவரை சாயம் கலந்த நீர். ஒரு முனையை வீட்டின் கேஸ் குழாயோடு இணைத்தால், கேஸின் அழுத்தம் நீரை மறுபக்கம் ஏற்றும். பிறகு வால்வை மூடிவிட்டுக் காத்திருக்க வேண்டும். நீர் இறங்கினால் எங்கோ கசிகிறது. நின்றால் வீடு நன்றாக இருக்கிறது.

முன்பு அந்த நேரத்தில் அவன் பாட்டு முணுமுணுப்பான். அன்று முட்டி போட்டு உட்கார்ந்தான். சுவருக்குள்ளும் தரைக்கு அடியிலும் போகிற குழாய் முழுவதும், பார்க்க முடியாத ஒவ்வொரு இணைப்பும், அந்தச் சிறிய நீர்க்கோட்டில் வந்து நின்றுகொண்டிருந்தது. வெளியே பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் பூமி ஆவி விட்டது. உள்ளே நீர் அசையவில்லை. ரோபாட்டா மூச்சை அடக்கிக்கொண்டான். இத்தனை நாள் இதன் முன்னால் பாட்டுப் பாடினோமே என்று வெட்கமாக இருந்தது.

திரும்பினால் லியானும் அவனுக்குப் பின்னால் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தாள். தேவாலயத்தில் இருப்பவள் போல.

"போதுமா அண்ணே?"

"இன்னும் கொஞ்சம் பாஸ்."

அவள் மறுக்கவில்லை.

ஆனால் எல்லா வீட்டிலும் அத்தனை நேரம் எடுத்தால் சந்தேகம் வரும் என்று அவன் பயந்தான். மூக்கு உள்ளவன் போல நடந்துகொள்ள வேண்டும். வாசலில் நின்று புருவத்தைச் சுருக்கப் பழகினான். காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து, இன்றைக்குத் தெற்குக் காற்று, ஊர் நாற்றம் தூக்கல், மூக்கை நம்ப முடியாது என்று சொல்லப் பழகினான். ஊரில் யாரும் ஆட்சேபிக்க முடியாத காரணம் அது.

அப்படி இருக்கையில்தான் மீன் விவகாரம் வந்தது.

ஏரிக்கரை வீட்டுக்காரர் ஒருவர், அடுப்பைச் சரிசெய்து கொடுத்ததற்காக, தான் பிடித்த டிரௌட் மீன் ஒன்றைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார். ரோபாட்டா அதை இருக்கைக்கு அடியில் வைத்தான். மறந்துவிட்டான். வெயில் வாரம். ஜன்னலை ஏற்றிவிட்டு இருவரும் ஊரெல்லாம் சுற்றினார்கள். வாடிக்கையாளர்கள் இரண்டடி தள்ளி நின்று பேசினார்கள். மரியாதை என்று நினைத்தான்.

வாரக் கடைசியில் சாமான் கடைக்குப் போனார்கள். கவுண்டரில் இருக்கும் டெரி, பைப்புகளை ஏற்ற வேன் கதவைத் திறந்தான். திறந்தவன் பின்வாங்கிச் சுவரில் மோதினான்.

"இதுக்குள்ள யாரைப் புதைச்சு வச்சிருக்கீங்க?"

லியான் ரோபாட்டாவைப் பார்த்தாள். ரோபாட்டா லியானைப் பார்த்தான்.

"உங்க பூட்ஸுன்னு நெனச்சேன் அண்ணே," என்றாள் அவள். "வயசுல பெரியவர். எப்படிச் சொல்றதுன்னு இருந்துட்டேன்."

"நானும் சொல்ல வேண்டாம்னுதான் பாஸ்."

"ஒரு வாரமா இதுக்குள்ள உக்காந்து சாண்ட்விச் சாப்பிட்டீங்களா?" என்றான் டெரி.

இருவரும் ஆமாம் என்றார்கள். அன்று வீட்டுக்குப் போய் ரோபாட்டா குராவிடம் நெகிழ்ந்து சொன்னான். இவ்வளவு நாற்றத்தையும் ஒரு வார்த்தை பேசாமல் பொறுத்துக்கொண்டாள், அப்படிப்பட்ட முதலாளி யாருக்குக் கிடைப்பாள் என்று.

குரா வேறு யோசனை சொன்னாள். மூக்கு இல்லாவிட்டால் இருக்கிற மூக்கை அழைத்துப் போ. அவர்கள் வீட்டு நாயைச் சொன்னாள்.

வீட்டில் தனியாக விட முடியவில்லை என்று பொய் சொல்லி நாயை வேனில் ஏற்றினான். வாசலில் லியான் கேள்வி கேட்கும்போது நாயின் முகத்தைப் பார்க்கலாம் என்பது திட்டம். நாய் ஒவ்வொரு வீட்டிலும் நேராக அடுப்புக்கு முன்னால் போய்ப் படுத்தது. நாயின் கணக்குப்படி ஊரில் கசியாத வீடே இல்லை. ரோபாட்டா ஒவ்வொரு வீட்டிலும் முட்டி போட்டான். நீர் ஒவ்வொரு வீட்டிலும் அசையாமல் நின்றது. நான்காவது வீட்டில் நாய், விருந்துக்குப் பொரித்து வைத்திருந்த ஆட்டுத்தொடையைத் தூக்கிக்கொண்டு வேலி தாண்டியது. அத்துடன் நாயின் செய்முறை அனுபவம் முடிந்தது.

லியான் அதற்கும் கோபிக்கவில்லை. நாய் இனி வராது என்பதில் அவளுக்குத்தான் வருத்தம் அதிகம் போலத் தெரிந்தது.

இனி சந்தேகம் வந்தால் இருக்கு என்றே சொல்லிவிடலாம் என்று ரோபாட்டா முடிவு செய்தான். இல்லாததை இருக்கு என்றால் நேரம்தான் போகும். இருப்பதை இல்லை என்றால் வீடு போகும்.

அப்படி அவன் முதன்முதலாக இருக்கு என்று சொன்ன இடம் மராய். ஊர்க்காரர்கள் கூடுகிற பொதுக்கூடம். அன்று துக்கம். இறந்தவரைப் புதைக்க எல்லோரும் கல்லறைக்குப் போயிருந்தார்கள். சமையல்கூடத்தில் பெரிய பெரிய பானைகளில் உருளைக்கிழங்கும் கறியும். ஓர் அடுப்பு சரியாக எரியவில்லை என்று அழைத்திருந்தார்கள்.

"என்ன அண்ணே?" என்றாள் லியான்.

"இருக்கு பாஸ்."

அவள் இன்னொரு கேள்வி கேட்கவில்லை. நேராக வெளியே போய்ப் பிரதான வால்வை மூடினாள். எல்லா அடுப்பும் அணைந்தது. அத்தைமார்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களில் மூத்தவள் ஹூயா அத்தை, கையில் கரண்டியோடு அவனிடம் வந்தாள்.

"மருமவனே, கல்லறையில இருந்து எரநூறு பேர் வந்துக்கிட்டிருக்காங்க. தட்டுல உன் மூக்கையா அறுத்து வைக்க?"

அவன் அளவுக் குழாயை இணைத்தான். அடுப்புத் திருகுகளை அடைத்து, வால்வை ஒரு கணம் திறந்து மூடியதும் நீர் ஏறி நின்றது. அவன் சொன்னது பொய் என்று காட்டப் போகிற நீர். அத்தைமார்கள் சுற்றி நின்றார்கள்.

நீர் இறங்கியது.

மயிரிழை. பிறகு இன்னொரு மயிரிழை. ரோபாட்டாவுக்கு உடம்பு சிலிர்த்தது. சோப்பு நுரையை எடுத்து ஒவ்வோர் இணைப்பாகத் தடவிக்கொண்டு போனான். கடைசி அடுப்புக்குப் பின்னால், சுவரோரம், ஒரு பழைய பித்தளை இணைப்பில் நுரை மெதுவாகப் புடைத்தது. ஒரு குமிழ். தூங்குகிறவன் ஒற்றைக் கண்ணைத் திறந்தது போல.

ஹூயா அத்தை கரண்டியைக் கீழே வைத்தாள்.

பானைகளைக் கூடத்துக்குப் பின்னால், நிலத்து ஆவியில் வேகவைக்கிற ஆவிப்பெட்டிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். மிச்சத்தைப் பூமி சமைத்தது. சாப்பாட்டுக்குப் பிறகு ஹூயா அத்தை எழுந்து நின்று எல்லோருக்கும் முன்னால் அந்த மூக்கின் பெருமையைச் சொன்னாள். பிறகு, கூடியிருந்தவர்கள் எல்லோரும் வரிசையில் நின்று, வழக்கப்படி, அவன் நெற்றியோடு நெற்றி வைத்து மூக்கோடு மூக்கை அழுத்தி மூச்சைப் பகிர்ந்துகொண்டார்கள். முதியவர்கள் சற்று அதிக நேரம் அழுத்தினார்கள். அத்தனை பேரின் மூச்சும் அந்த மூக்கில் ஏறி இறங்கியது. ஒருவர் வாசமும் அவனுக்குத் தெரியவில்லை. வரிசையின் கடைசியில் லியான் நின்றிருந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

அதன் பிறகு விஷயம் கையை மீறிப் போனது. மற்ற ஃபிட்டர்கள் தொலைபேசியில் கூப்பிட்டார்கள். அவனை அல்ல, மூக்கை. அரை மணி நேரம் அனுப்ப முடியுமா என்று லியானிடம் கேட்டார்கள். டெரி கவுண்டரில் அவன் பெயரையே விட்டுவிட்டான். மூக்கு வந்தாச்சு, மூக்குக்கு ஒரு காப்பி என்றான். போகிற இடமெல்லாம் ரோபாட்டா புருவத்தைச் சுருக்கினான், தெற்குக் காற்றைத் திட்டினான், முட்டி போட்டான். மூக்கு இருந்தும் இவ்வளவு சரிபார்க்கிறானே என்று ஊர் மேலும் வியந்தது.

ஒரு நாள் வேனில் லியான் சொன்னாள்.

"பைப் வளைக்க யாருக்கு வேணும்னாலும் சொல்லிக் குடுத்துடலாம் அண்ணே. இது சொல்லிக் குடுத்து வராது. வெள்ளிக்கிழமை மோட்டல் வேலை முடியட்டும், கையெழுத்துப் போட்டுடறேன். மூக்கைப் பத்தியும் தனியா ரெண்டு வரி எழுதறேன்."

"அதெல்லாம் வேண்டாம் பாஸ்."

"இந்த அடக்கம்தான் எனக்குப் பிடிச்சது."

வீட்டில் குரா சிரிக்கவில்லை. சொல்லிவிடு என்றாள். சொன்னால் கையெழுத்து போய்விடும் என்றான் அவன். ஆலைக்கும் திரும்ப முடியாது, அங்கே இப்போது புல்தான் இருக்கிறது. குரா பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"நாளைக்கு நீ தனியா ஒரு வீட்டு வாசல்ல நிப்ப. உள்ள புள்ளைங்க தூங்கும். கேக்கறதுக்கு பாஸ் பக்கத்துல இருக்க மாட்டா. அப்ப என்ன பண்ணுவ?"

அவன் துண்டை எடுத்துக் கழுவிய பாத்திரங்களைத் துடைக்கத் தொடங்கினான்.

வெள்ளிக்கிழமை மோட்டலுக்குப் போனார்கள். சலவை அறையில் புது வெந்நீர் ஹீட்டர் வைக்க வேண்டும். மோட்டலைப் புதிதாக வாங்கியிருந்த கிளெனிஸ் தெற்குத் தீவின் அடிக்கோடியிலிருந்து வந்தவள். ஆட்டுமந்தைகளுக்கு நடுவே அறுபது வயதுவரை இருந்துவிட்டு வந்தவள். ஊருக்கு வந்த முதல் வாரமே அவளுடைய வெள்ளிக் கரண்டிகள் கறுத்துவிட்டன. அன்றிலிருந்து இந்த ஊர்க் காற்றோடு அவளுக்குச் சண்டை.

லியான் முன்வாசல் அலுவலகத்துக்குப் போனாள். பேசிவிட்டு வர நேரமாயிற்று. ரோபாட்டா சாமான்களை இறக்கிவிட்டுப் பின்பக்கம் சுற்றிப் போனான். சிறிது நேரத்தில் கிளெனிஸ் துணிக்கொடிக்கு வந்தாள். அவன் அக்கம்பக்கம் பார்த்தான்.

"அம்மா, சலவை ரூம்ல வாடை எப்படி வருது? ஊர் வாடையா, வேற வாடையா? நான் கேட்டேன்னு பாஸ்கிட்ட சொல்ல வேண்டாம்."

கிளெனிஸ் கையில் கிளிப்போடு அவனை வெகுநேரம் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்து மூடிக்கொண்டாள்.

"வேற வாடை தம்பி. முட்டை இல்ல. அழுகின முட்டைக்கோசு."

சலவை அறை வாசலில் லியான் நின்று அவன் முகத்தைப் பார்த்தாள்.

"என்ன அண்ணே?"

"இருக்கு பாஸ். ஊர் வாடை இல்ல. முட்டைக்கோசு மாதிரி."

லியான் அப்படியே நின்றாள். அதிசயத்தைப் பார்த்தவள் போல மெல்லத் தலையை ஆட்டினாள்.

"முட்டைக்கோசு," என்றாள். "அதேதான்."

ஜன்னல்களைத் திறந்தார்கள். விளக்கைத் தொடவில்லை. அளவுக் குழாயை மாட்டினான். நீர் இறங்கியது. சுவருக்குள் போகும் இடத்தில் பித்தளை இணைப்பைப் பூமியின் காற்று அரித்திருந்தது. விரல் வைத்தால் கறுப்பாக உதிர்ந்தது. அதை வெட்டி எடுத்தான். புதுக் குழாய் இட்டான், இணைத்தான், ஹீட்டரை ஏற்றினான். லியான் கை கொடுக்கவில்லை. இது அவன் தனியாகச் செய்ய வேண்டிய வேலை.

மறுபடியும் அளவுக் குழாய். நீர் ஏறியது. வால்வை மூடினான். முட்டி போட்டான்.

தோட்டத்துக் குளத்திலிருந்து ஆவி ஜன்னல் வழியாக உள்ளே வந்து போனது. தரைக்குக் கீழே எங்கோ கொதிநீர் உறுமியது. இந்த ஊருக்கு அடியில் ஒரு நெருப்பு, யாருக்கும் அடங்காதது. குழாய்க்குள் இன்னொன்று, ஒரு திருகாணிக்கு அடங்கி நிற்பது. இரண்டுக்கும் நடுவில் விரல் தடிமனில் கொஞ்சம் நீர். அது நின்றது. அவன் பார்க்கப் பார்க்க நின்றது. நீருக்கு மூக்கு இல்லை. ஆனாலும் அதற்குத் தெரிந்திருந்தது.

குராவின் கேள்விக்குப் பதில் அதுதான் என்று அவனுக்குத் தோன்றியது. தனியாக ஒரு வாசலில் நின்றால் என்ன செய்வான்? முட்டி போடுவான். அதைச் சொல்லிவிடலாம். சொன்ன பிறகும் கையெழுத்துக் கிடைத்தால் கிடைக்கட்டும்.

ஹீட்டரைப் பற்றவைத்தான். நீலச் சுடர் வரிசையாக எழுந்து நின்றது. இருவரும் அதைப் பார்த்தார்கள்.

வெளியே வேனின் முன்பக்கத்தில் காகிதத்தை விரித்து லியான் பேனாவைத் திறந்தாள்.

"பாஸ், ஒரு நிமிஷம். போடறதுக்கு முன்னால மூக்கைப் பத்தி ஒண்ணு சொல்லணும்."

பேனா காகிதத்துக்கு மேல் நின்றது. அவள் நிமிரவில்லை. அவள் காது சிவந்ததை அவன் பார்த்தான்.

அப்போது கிளெனிஸ் ஒரு தட்டை ஏந்திக்கொண்டு வந்தாள். அவள் ஊர்ப் பலகாரம். சீஸை ரொட்டியில் சுருட்டி வாட்டியது.

"ஆஹா, என்ன வாசனை," என்றாள் லியான் அவசரமாக.

"பசியைக் கிளப்புது," என்றான் ரோபாட்டா.

கிளெனிஸ் தட்டிலிருந்து ஒன்றை எடுத்துத் திருப்பிக் காட்டினாள். அடிப்பக்கம் முழுவதும் கரி.

"காலையில முன்வாசல்ல இந்தப் பொண்ணு வந்து, சலவை ரூம்ல வாடை எப்படின்னு கேட்டுச்சு. அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்கன்னுச்சு. பின்வாசல்ல நீங்க வந்து அதையே கேட்டீங்க. பாஸ்கிட்ட சொல்லாதீங்கன்னீங்க. நான் யார்கிட்டயும் சொல்லல. ஒண்ணே ஒண்ணு மட்டும் எனக்குச் சொல்லுங்க, இத்தனை நாளா இந்த ஊர்ல மோந்து பாத்தது யாரு?"